ஒற்றி எடுக்க வேண்டும்

நவம்பர். சூரிச்சில் மூடுபனி
மேல்மாடிகளைத் தின்று முடித்து
டிராம் கம்பிகளில் வாய் துடைத்துக்கொண்டிருந்தது.
ஆல்ட்ஸ்டெட்டன் ரயில் பாலத்துக்குப் பின்னால்
பெஸார்த்தா ஷட்டரைத் தூக்கினாள்.

முதலில் ஒரு சிவப்பு. இத்தாலிக்காரி.
கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளி மேலே போட்டுக்கொண்டாள்:
பதினான்கு டியூப் லைட், தண்ணீர்க் குழாய்,
ஏழு நிமிடம் பின்தங்கிய சுவர்க் கடிகாரம்,
குனிந்தால் பெஸார்த்தாவின் மூக்கு, பூசணி அளவுக்கு.
காரைப் பார்ப்பதா
காரில் தெரிவதைப் பார்ப்பதா?
கழுவி அனுப்பினாள். கண் கூசியது.

அடுத்ததை
வந்தது என்று சொல்ல முடியாது.
பனியில் ஒரு பகுதி கெட்டியானது.
அதற்குச் சக்கரங்கள் இருந்தன.

மேட் சாம்பல்.
ஆற்றிலிருந்து எடுத்த கூழாங்கல்
காய்ந்த பிறகு ஒரு நிறத்துக்கு வருமே, அது.
விளக்குகள் அதன்மேல் விழுந்தன,
திரும்பி வரவில்லை.
தோளிலிருந்து இடுப்புவரை ஒரே வளைவு;
நிழல் அதில் சலித்த மாவுபோல் இறங்கி
சக்கரத்தின் மேல்விளிம்பில் சற்று நின்று
பிறகு போனது.
எதுவும் ஒட்டாததால்
உடம்பு மட்டும் தெரிந்தது.

ஒளி என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு வேலை:
வெளிச்சமாயிருப்பது,
மறைந்துகொள்ளச் சொல்வது.
இந்தப் பெயின்ட்
இரண்டையும் ஒரே சம்பளத்துக்குச் செய்கிறது.

சுவரில் ஒட்டிய தாளில் அவள் கையெழுத்து:
பிரஷ் கூடாது. மெழுகு கூடாது.
பறவை எச்சம் என்றால் ஓடு.
துடைக்காதே, ஒற்று.
தேய்த்தால் பளபளக்கும்,
பளபளத்தால் போச்சு.

கார்க்காரர் பெயர் ரேட்டோ காஃப்லிஷ்.
பல் மருத்துவர்களுக்கு நாற்காலி விற்பவர்.
கையுறையைக் கழற்றாமல் ஓரிடத்தைக் காட்டினார்.
பக்கத்து இருக்கைக் கதவுக்குச் சற்றுப் பின்னால்
உள்ளங்கை அகலத்தில்
ஒரு பளபளப்பு.

"இதை மங்கலாக்க முடியுமா?"

முடியாது. ஏறிய மினுக்கம் இறங்காது.
தகடு முழுவதையும் புதிதாக அடிக்க வேண்டும்.
நாலாயிரத்து இருநூறு பிராங்க்.

"நாய்," என்றார்,
யாரும் கேட்காதபோதே.

காருக்குள் ஒரு நாய்மயிர்கூட இல்லை.
பெஸார்த்தா மண்டியிட்டுப் பார்த்தாள்.
பித்தான் என்றால் கீறியிருக்கும்.
ஜீன்ஸ் என்றால் நீலம் ஏறியிருக்கும்.
இது கம்பளி. நீளமான கோட்டு.
அவரைவிட ஒரு சாண் குட்டையான யாரோ
இவர் சாவியைத் தேடும் நேரமெல்லாம்
இங்கே சாய்ந்து நின்றிருக்கிறார்.
ஒரு குளிர்காலம் இதற்குப் போதாது.
மூன்றாவது இருக்கும்.

ஒன்றும் சொல்லவில்லை.
விலைச்சீட்டு எழுத உள்ளே போனாள்.
பேனா எழுதவில்லை; உதறினாள்; நிமிர்ந்தாள்.
கண்ணாடிக்கு அப்பால்
காஃப்லிஷ் குந்தியிருந்தார்.
இரண்டு லட்சம் பிராங்க் காரில்
முகம் தெரியக்கூடிய ஒரே இடம் அதுதான்.
அங்கே தன் முகத்தைப் பார்க்கிறாரா,
இல்லை, முகம் தெரியாதபடி
கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கிறாரா,
இங்கிருந்து சொல்ல முடியவில்லை.

"கழுவினால் மட்டும் போதும்," என்றார்,
சீட்டை மடித்துப் பையில் வைத்து.
வெளியே போய் சிகரெட் பற்றவைத்தார்.
பழக்கமில்லாதவர், இருமினார்.

இரண்டு வாளி. மென்மையான துணி.
மேலிருந்து கீழாக நுரை நழுவியது.
கூரையை ஒற்றினாள். கதவுகளை ஒற்றினாள்.
காயம்பட்ட இடத்தை ஒற்றுவதுபோலத்தான்
எப்போதும் செய்வாள்.

அந்த உள்ளங்கை அகலத்துக்கு வந்தபோது
வாசலை ஒருமுறை பார்த்தாள்.
பிறகு
துணியை நாலாக மடித்து
அழுத்தித் தேய்த்தாள்,
இரண்டு தடவை.